விபிஎன் இணைப்பில் வழிகளையும் டிஎன்எஸ்ஸையும் ஷெல் ஸ்கிரிப்டால் அமைத்தல்: உள்வலைப் பெயர்கள் சில நேரம் கிடைக்கின்றன, சில நேரம் கிடைப்பதில்லை

கருங்குயில் எழுதியது:

வணக்கம். அலுவலக உள்வலையுடன் ஓபன்விபிஎன் (மறையாக்கிய சுரங்கம் வழியே தொலைவலையுடன் இணைக்கும் விபிஎன் நிரல்) வழியாக இணைவதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்டை இரண்டு மடிக்கணினிகளில் பயன்படுத்தி வருகிறேன். அலுவலக வலை 10.20.0.0/16 (10.20 என்று தொடங்கும் முகவரிகள்), அதன் டிஎன்எஸ் சர்வர் (பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தருவது) 10.20.0.53, உள்வலைப் பெயர்கள் எல்லாம் கார்ப்.இன்டர்னல் என்று முடியும். இந்த வலைக்குரிய போக்குவரத்து மட்டும் சுரங்கத்தின் வழியாகவும், மற்றவை வழக்கம்போல் வைஃபை வழியாகவும் செல்ல வேண்டும் என்பதே தேவை.

இணைப்பு எழும்போது ஓபன்விபிஎன் இந்த ஸ்கிரிப்டை 'அப்' நிலையில் அழைக்கிறது. அது முதலில், எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று குறிக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை ஒரு நகலாக எடுத்து வைக்கும். பிறகு அதே கோப்பில் 10.20.0.53 என்ற ஒரே வரியை எழுதும். பிறகு வழி அட்டவணையைக் காட்டும் 'ஐபி ரூட்' கட்டளையின் வெளியீட்டில் மூன்றாவது சொல்லை ஆக் என்ற உரை பிரிக்கும் கருவி மூலம் எடுத்து, அதை கேட்வே (வெளிவலைக்கு அனுப்பும் ரூட்டரின் முகவரி) என்று கொண்டு, விபிஎன் சர்வருக்கு ஒரு தனி வழி சேர்க்கும். இணைப்பு விழும்போது நகலை 'எம்வி' கட்டளையால் பழைய இடத்திற்கே நகர்த்திவிடும்.

சிஸ்டம்டி-ரிசால்வ்டு (பெயர் தேடலைக் கவனிக்கும் பின்னணிச் சேவை) இயங்கும் முதல் கணினியில், இணைந்தவுடன், டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் 'டிக்' கட்டளைக்கு உள்வலைப் பெயர் கிடைக்கிறது. ஆனால் தொலைக்கணினியில் நுழைவதற்கான எஸ்எஸ்எச் அதே பெயரைத் தெரியாது என்கிறது. சற்று நேரம் கழித்து 'டிக்' கட்டளைக்கும் கிடைப்பதில்லை. ரிசால்வ்டு இல்லாத இரண்டாவது கணினியில் உள்வலைப் பெயர்கள் சரியாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு வைஃபையில் விபிஎன்னைத் தொடங்கி, வேறொரு வைஃபையில் இருக்கும்போது நிறுத்தினால், அதன்பின் எந்த இணையப் பெயருமே கிடைப்பதில்லை. இரண்டு கணினிகளிலும் 10.20.3.4 என்ற எண் முகவரிக்குப் பிங் எப்போதும் செல்கிறது. இவற்றுக்குக் காரணம் ஒன்றா, பலவா என்பதை அறிய விரும்புகிறேன்.

பொதிவழி எழுதியது:

எண் முகவரிக்குப் பிங் செல்வதால் வழி சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். கோளாறு முழுவதும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டு கணினிகளிலும் அது வெவ்வேறு வகையில் வெளிப்படுகிறது.

முதல் கணினியில் 'எல்எஸ் -எல்' கொடுத்து அந்தக் கோப்பைப் பாருங்கள். அது உண்மையான கோப்பாக இராது. ரன் அடைவுக்குள் ரிசால்வ்டு தானே எழுதி வைத்திருக்கும் ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் என்ற கோப்பைச் சுட்டும் குறியிணைப்பாக இருக்கும். அதன் உள்ளடக்கம் 127.0.0.53 என்ற ஒரே சர்வர். ஷெல்லின் '>' குறி குறியிணைப்பைப் பின்தொடர்ந்து சென்று, சுட்டப்படும் கோப்பில்தான் எழுதும். ஆகவே உங்கள் ஸ்கிரிப்ட் ரிசால்வ்டுவின் சொந்தக் கோப்பின்மேல் எழுதியிருக்கிறது. 'டிக்' அந்தக் கோப்பை நேரடியாகப் படிப்பதால் 10.20.0.53-இடம் கேட்டு விடை பெற்றது. எஸ்எஸ்எச் அப்படிச் செய்வதில்லை. அது சி நூலகத்தைக் கேட்கும், நூலகம் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் உள்ள வரிசைப்படி செல்லும். அந்த வரிசையில் 'ரிசால்வ்' என்ற சொல் 'டிஎன்எஸ்' என்பதற்கு முன்னால் இருந்தால், கேள்வி ரிசால்வ்டுக்கு அதன் சொந்தச் சாக்கெட் வழியாகப் போய்விடும், ரிசால்வ்.கான்ஃப் கோப்பை யாரும் திறக்கவே மாட்டார்கள். ரிசால்வ்டுவுக்கு 10.20.0.53 பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் அது வீட்டு ரூட்டரைக் கேட்டு, அப்படியொரு பெயர் இல்லை என்ற விடையைத் தந்திருக்கிறது. சற்று நேரம் கழித்து வலை நிலையில் ஏதேனும் மாற்றம் வந்தவுடன் ரிசால்வ்டு தன் கோப்பை மீண்டும் எழுதிவிடும். அப்போது 'டிக்' கட்டளைக்கும் விடை நின்றுபோகும்.

எனவே பெயர்ச் சிக்கலைச் சோதிக்கும்போது 'டிக்' கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். 'கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்' கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான நிரல்கள் செல்லும் பாதையில் அதுதான் செல்லும்.

இரண்டாவது கணினியில் நடப்பது இன்னும் நேரடியானது. தொடங்கியபோது எடுத்த நகலில் அந்த வைஃபையின் டிஎன்எஸ் முகவரி, உதாரணமாக 192.168.1.1, இருக்கிறது. நிறுத்தும்போது நீங்கள் இருப்பது வேறொரு வலையில், அங்கே 192.168.1.1 என்ற முகவரியில் யாரும் இல்லை.

அலைவரிசை எழுதியது:

இதற்கு எளிய வழி ஒன்று நான் பல இடங்களில் படித்திருக்கிறேன். ரிசால்வ்.கான்ஃப் கோப்பை உண்மையான கோப்பாக்கி, அதில் 10.20.0.53-ஐ முதல் சர்வராகவும் ஒரு பொது டிஎன்எஸ் சர்வரை இரண்டாவதாகவும் எழுதி, 'சிஹெச்ஆட்டர் +ஐ' கொடுத்து யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டால் போதாதா? உள்வலைப் பெயர் முதல் சர்வரிலும், மற்றவை இரண்டாவது சர்வரிலும் கிடைத்துவிடுமே.

பொதிவழி எழுதியது:

அந்த அறிவுரை பரவலாக இருப்பதால்தான் அதைத் தெளிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் பெயர் தேடல் அப்படி இயங்குவதில்லை. அது சர்வர்களை எழுதிய வரிசையிலேயே கேட்கும். முதல் சர்வர் 'இப்படியொரு பெயர் இல்லை' என்று சொன்னால் அதுவே முடிவான விடை. முதல் சர்வர் பேசாமல் இருந்தால், அல்லது தன்னால் இயலவில்லை என்று பிழை தெரிவித்தால் மட்டுமே இரண்டாவது சர்வரிடம் செல்லும். பேசாமல் இருக்கும் சர்வருக்காக இயல்பாக 5 விநாடி காத்திருக்கும். விபிஎன் இல்லாத நேரத்தில் 10.20.0.53 எட்டாத முகவரி. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் 5 விநாடி தாமதம் ஏற்படும். வரிசையை மாற்றி எழுதினால், பொது சர்வர் உள்வலைப் பெயரை இல்லை என்று மறுத்துவிடும், தேடல் அத்துடன் நின்றுவிடும். எந்தப் பெயரை எந்தச் சர்வரிடம் கேட்பது என்று பிரிக்கும் திறன் அந்தக் கோப்புக்கே கிடையாது. அதில் 3 சர்வர்களுக்கு மேல் எழுதினாலும் மீதி கண்டுகொள்ளப்படாது.

பூட்டுவதால் வரும் கேடு தனி. வலை இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்ஒர்க்மேனேஜரும், வலையிடம் முகவரி வாங்கும் டிஹெச்சிபி கிளையண்ட்டும் அந்தக் கோப்பில் எழுத முயன்று தோற்கும். கடவுச்சொல் பக்கம் உள்ள பொது வைஃபை ஒன்றில் இணைந்தால், அந்த வலை தரும் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்த முடியாமல் அந்தப் பக்கமே திறக்காது. கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்பதும் வழக்கமான 'எல்எஸ்' வெளியீட்டில் தெரியாது. பின்னால் அந்தக் கணினியைப் பார்ப்பவர் நெடுநேரம் தேடுவார்.

முனையக்காரர் எழுதியது:

கருங்குயில் அவர்களுக்கு, ஸ்கிரிப்டின் அடிப்படையையே மாற்றிக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். பழைய நிலையை நகலெடுத்து வைத்து, பிறகு அதை மீட்பது என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். விபிஎன் எழுவதற்கும் விழுவதற்கும் இடையில் கணினி உறங்கி எழலாம், வைஃபை மாறலாம், டிஹெச்சிபி புதிய முகவரி தரலாம். அந்த இடைவெளியில் நடந்த எல்லாவற்றையும் உங்கள் நகல் அழித்துவிடும். ஸ்கிரிப்ட் எதைச் சேர்த்ததோ அதை மட்டும் நீக்க வேண்டும். மற்றவர்கள் எழுதியதைத் தொடவே கூடாது. இதற்கு, சேர்ப்பவை அனைத்தும் சுரங்க இடைமுகத்தோடு ஒட்டியவையாக இருக்க வேண்டும். டன்0 என்ற அந்த இடைமுகம் மறைந்தால் அதன் வழிகளை இயங்குதளத்தின் கருவான கெர்னலே நீக்கிவிடும். அதனுடன் இணைத்த டிஎன்எஸ் அமைப்பை ரிசால்வ்டுவும் மறந்துவிடும். ஸ்கிரிப்ட் பாதியில் கொல்லப்பட்டாலும் கணினி சீராகவே இருக்கும்.

முதல் கணினியில் செய்ய வேண்டியவை மூன்றே கட்டளைகள். 'ரிசால்வ்சிடிஎல் டிஎன்எஸ் டன்0 10.20.0.53' என்பது சுரங்கத்தின் சர்வரைச் சொல்லும். 'ரிசால்வ்சிடிஎல் டொமைன் டன்0' என்பதற்குப் பிறகு '~கார்ப்.இன்டர்னல்' என்று கொடுத்தால், அந்த முடிவுடைய பெயர்கள் மட்டும் அங்கே செல்லும். முன்னால் உள்ள அலைக்குறி முக்கியமானது. அது இல்லாவிட்டால் அந்த டொமைன், ஒற்றைச் சொல் பெயர்களுக்குப் பின்னால் ஒட்டிப் பார்க்கும் தேடல் பட்டியலிலும் சேர்ந்துவிடும். மூன்றாவதாக 'ரிசால்வ்சிடிஎல் டிஃபால்ட்-ரூட் டன்0 ஃபால்ஸ்' கொடுங்கள். எந்த இடைமுகத்தின் டொமைனோடும் பொருந்தாத பெயர்களை அலுவலக சர்வரிடமும் கேட்பதை அது நிறுத்தும். நீங்கள் பார்க்கும் பொதுத் தளங்களின் பெயர்கள் அலுவலகப் பதிவேட்டில் சேர வேண்டியதில்லை.

எண்ணிலிருந்து பெயர் தேடுவதை அனேகர் மறந்துவிடுகிறார்கள். 10.20.0.0/16-க்கான தலைகீழ் டொமைன் 20.10.இன்-ஏடிடிஆர்.ஆர்ப்பா, அதையும் அலைக்குறியுடன் சேர்த்தால்தான் பதிவுக் கோப்புகளில் உள்வலை எண்கள் பெயராகத் தெரியும்.

இரண்டாவது கணினியில் இந்தப் பிரிப்பை டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு டிஎன்எஸ் சர்வர் செய்யும். கார்ப்.இன்டர்னல் என்றால் 10.20.0.53, மற்றவை எல்லாம் அந்தந்த வலை தரும் சர்வர் என்ற ஒரே வரி அதற்குப் போதும். நெட்ஒர்க்மேனேஜர் டிஎன்எஸ்மாஸ்க்கைத் தானே இயக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். அப்போது அந்த வரியை நிலையாகவே எழுதி வைத்துவிடலாம், ஸ்கிரிப்ட் டிஎன்எஸ் பக்கமே போக வேண்டியதில்லை. விபிஎன் இல்லாத நேரத்தில் உள்வலைப் பெயர் கிடைக்காமல் போவது முறையானதே.

இன்னும் ஒன்று. ஓபன்விபிஎன் 'அப்' ஸ்கிரிப்டை அழைக்கும் நேரத்தில் டன் இடைமுகம் திறக்கப்பட்டிருக்கும், வழிகள் சேர்க்கப்பட்டிருக்காது. அந்த நேரத்தில் டிஎன்எஸ்ஸை மாற்றினால், 10.20.0.53-க்கான முதல் கேள்விகள் இயல்பான வழியில் வைஃபைக்கே சென்றுவிடும். 'ரூட்-அப்' நிலையில் அழைக்கச் செய்யுங்கள். வழிகள் சேர்ந்த பிறகே அது இயங்கும். அமைப்புக் கோப்பில் 'ஸ்கிரிப்ட்-செக்யூரிட்டி 2' இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் ஸ்கிரிப்டுகள் அழைக்கப்படவே மாட்டா. 'யூசர் நோபடி' என்று எழுதியிருந்தால், இணைப்பு விழும்போது 'டவுன்' ஸ்கிரிப்டுக்கு நிர்வாகி உரிமை இராது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். சேர்ப்பவை எல்லாம் இடைமுகத்தோடு தாமாக மறையும்படி அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருங்குயில் எழுதியது:

மிக்க நன்றி. முதல் கணினியில் மூன்று கட்டளைகளையும் 'ரூட்-அப்' நிலைக்கு மாற்றினேன்; எஸ்எஸ்எச், 'கெட்என்ட்' இரண்டுக்கும் பெயர் கிடைக்கிறது, வைஃபையை மாற்றிய பிறகும் நிலைத்து நிற்கிறது.

ஆனால் விபிஎன் நிரல் எதிர்பாராமல் நின்று மீண்டும் தொடங்கினால், விபிஎன் சர்வருக்கான வழியைச் சேர்க்கும் வரியில் 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்ற பிழை வருகிறது. ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -இ' இருப்பதால் அங்கேயே நின்றுவிடுகிறது, டிஎன்எஸ் கட்டளைகள் இயங்குவதில்லை. 'செட் -இ' வரியை எடுத்துவிடுவதா?

வேர்நிலை எழுதியது:

எடுக்க வேண்டாம். மீண்டும் இயக்கினாலும் அதே நிலையில் வந்து நிற்கும்படி ஒவ்வொரு கட்டளையையும் எழுதுங்கள். 'ஐபி ரூட் ஆட்' என்பதற்குப் பதிலாக 'ஐபி ரூட் ரீப்ளேஸ்' கொடுத்தால், வழி இல்லாவிட்டால் சேர்க்கும், இருந்தால் மாற்றும், பிழை தராது.

அதற்கு முன், அந்த வரி தேவையா என்று பாருங்கள். உங்கள் தேவை 10.20.0.0/16 மட்டும் சுரங்கத்தில் செல்வது. விபிஎன் சர்வரின் பொது முகவரி அந்த வரம்புக்குள் இல்லை. அது எப்படியும் இயல்பான வழியில் வைஃபைக்கே செல்லும். சர்வருக்குத் தனி வழி தேவைப்படுவது, போக்குவரத்து முழுவதையும் சுரங்கத்தில் திருப்பும்போது மட்டுமே. எடுத்துவிடுங்கள், ஆக் வரியும் அதோடு போய்விடும்.

அந்த ஆக் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இணையத்தில் உள்ள பாதி விபிஎன் ஸ்கிரிப்டுகளில் அது இருக்கிறது. 'ஐபி ரூட்' வெளியீடு மனிதர் படிப்பதற்கானது. கம்பியும் வைஃபையும் சேர்ந்து இணைந்திருந்தால் இயல்பு வழிகள் இரண்டு இருக்கும், மெட்ரிக் (முன்னுரிமை எண், சிறியது வெல்லும்) மட்டும் வேறுபடும். உங்கள் மாறியில் இரண்டு முகவரிகள் புதுவரியோடு சேர்ந்து அமரும். மேற்கோள் குறியில்லாமல் அந்த மாறியைப் பயன்படுத்தினால் ஒரு கட்டளைக்கு இரண்டு கேட்வே போகும். கேட்வே இல்லாத நேரிணைப்புகளில் அந்த வரி 'டிஃபால்ட் டெவ் பிபிபி0' என்று வரும். மூன்றாவது சொல் இடைமுகத்தின் பெயராகிவிடும். கேட்வே உண்மையிலேயே வேண்டுமென்றால், ஓபன்விபிஎன் தன் ஸ்கிரிப்டுகளுக்கு 'ரூட்_நெட்_கேட்வே' என்ற சூழல் மாறியில் அதைத் தருகிறது. சர்வரின் முகவரியை 'டிரஸ்டட்_ஐபி' மாறியில் தருகிறது. ஓபன்விபிஎன் இல்லாத இடங்களில் 'ஐபி -ஜே ரூட் கெட்' என்று ஜேசன் வடிவில் (நிரல்கள் படிப்பதற்கேற்ற உரை வடிவம்) வாங்கி ஜேக்யூ கருவியால் பிரியுங்கள். குறிப்பிட்ட முகவரிக்குக் கெர்னல் இப்போது எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்று கெர்னலையே கேட்பதால், ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

டிஎன்எஸ் முகவரியையும் ஸ்கிரிப்டில் நிலையாக எழுத வேண்டாம். அலுவலக சர்வர் அனுப்பும் டிஎன்எஸ் விவரங்கள் 'ஃபாரின்_ஆப்ஷன்_1', 'ஃபாரின்_ஆப்ஷன்_2' என்று எண்ணிட்ட மாறிகளில் வரும். ஒவ்வொன்றும் 'டிஹெச்சிபி-ஆப்ஷன் டிஎன்எஸ் 10.20.0.53' என்ற வடிவில் இருக்கும். ஒன்றிலிருந்து தொடங்கி, காலியான மாறி வரும்வரை சுற்றினால் போதும். மாறியின் பெயரையே சுற்றுக்குள் உருவாக்க வேண்டியிருப்பதால் பலர், ஒரு சரத்தையே கட்டளையாக இயக்கும் 'ஈவல்' கட்டளைக்குச் செல்கிறார்கள். அதைத் தவிருங்கள். அந்தச் சரம் வெளியிலிருந்து வருகிறது, ஸ்கிரிப்ட் நிர்வாகி உரிமையோடு இயங்குகிறது. மேற்கோளில் ஒரு பிசகு நேர்ந்தால், எதிர்முனையில் இருப்பவர் உங்கள் கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்கலாம். 'பிரிண்ட்என்வி' கட்டளைக்கு மாறியின் பெயரைக் கொடுத்து மதிப்பை வாங்குங்கள். வாங்கியதன் முகவரிப் பகுதியில் எண்ணும் புள்ளியும் தவிர வேறெந்த எழுத்து இருந்தாலும், 'கேஸ்' அமைப்பில் பிடித்து மறுத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்டின் முதல் வரி வெறும் 'எஸ்ஹெச்' என்று இருந்தால், டெபியனில் அது டேஷ் ஷெல்லாக இருக்கும். பேஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்பும் அணிகளும் அங்கே இயங்கா. பேஷ் வேண்டுமென்றால் பேஷ் என்றே எழுதுங்கள். 'செட் -இ' பற்றியும் ஓர் எச்சரிக்கை: ஒரு சார்பை 'இஃப்' நிபந்தனைக்குள் அழைத்தால், அந்தச் சார்பின் உள்ளே நேரும் பிழைகளுக்கு 'செட் -இ' நிற்காது. முக்கியமான இடங்களில் வெளிப்படையாகவே சோதியுங்கள்.

அலைவரிசை எழுதியது:

பூட்டும் யோசனையைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. எனது தேவை வேறு. எல்லாப் போக்குவரத்தும் சுரங்கத்திலேயே செல்ல வேண்டும். அமைப்புக் கோப்பில் 'ரீடைரக்ட்-கேட்வே டெஃப்1' இருக்கிறது, என் பொது முகவரி விபிஎன் சர்வரின் முகவரியாகவே தெரிகிறது. ஆனாலும் வைஃபை இடைமுகத்தில், பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தால், டிஎன்எஸ்ஸுக்குரிய போர்ட் 53-இல் பெயர்க் கேள்விகள் வெளிப்படையாகச் செல்கின்றன. எல்லாம் சுரங்கத்தில் செல்லும்போது இவை மட்டும் எப்படி வெளியே போகின்றன?

பொதிவழி எழுதியது:

'டெஃப்1' இயல்பு வழியை நீக்குவதில்லை. 0.0.0.0/1, 128.0.0.0/1 என்ற இரண்டு வழிகளைச் சேர்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் முகவரி வெளி முழுவதும் அடங்கும். ஒவ்வொன்றும் /0-ஐ விட நீளமான, அதாவது மேலும் குறிப்பான, முன்னொட்டு என்பதால், பழைய இயல்பு வழியை அவை வெல்லும். இது நேர்த்தியான உத்தி. சுரங்கம் விழுந்தால் பழைய வழி அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் டிஎன்எஸ் சர்வர் 192.168.1.1 என்ற வீட்டு ரூட்டர். அந்த வலைக்கு 192.168.1.0/24 என்ற வழி வைஃபை இடைமுகத்தில் இருக்கிறது. /24 என்பது /1-ஐ விட நீளமானது. ஆகவே ரூட்டருக்குச் செல்லும் கேள்வி வைஃபையிலேயே செல்லும். ரூட்டர் அதைத் தன் இணையச் சேவையாளரிடம் கேட்டு விடை சொல்லும். வழிகளின் கண்ணோட்டத்தில் இதில் எந்தப் பிழையும் இல்லை, வழி அட்டவணை தன் விதிப்படியே நடந்திருக்கிறது. வழி வேறு, டிஎன்எஸ் வேறு என்பதால் ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று தானாகத் திரும்பாது.

ரிசால்வ்டு உள்ள கணினியில் தீர்வு: சுரங்கத்தின் டிஎன்எஸ் சர்வரை டன்0-உடன் இணைத்து, டொமைனாக '~.' என்று கொடுங்கள். எல்லாப் பெயர்களுக்கும் இந்த இடைமுகமே உரியது என்று அதற்குப் பொருள். அப்படி ஒன்று இல்லாதபோது ரிசால்வ்டு, இயல்பாகப் பயன்படுத்தத்தக்க எல்லா இடைமுகங்களின் சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்கும். முதலில் வரும் நல்ல விடையை எடுத்துக்கொள்ளும். எனவே சுரங்கத்தின் டிஎன்எஸ்ஸைச் சேர்ப்பது மட்டும் கசிவை நிறுத்தாது.

சுரங்கம் விழும் நேரத்தைப் பற்றியும் நீங்கள் கவலைப்படுகிறீர்கள் என்று கொள்கிறேன். 'டெஃப்1' வழிகள் டன்0-உடன் மறைந்தவுடன் எல்லாம் வைஃபை வழியே வெளிப்படையாகப் போகும். இதைத் தடுக்க ஃபயர்வால் விதிகள் எழுதுவோர் உண்டு; வழி விதிகளாலேயே இதைச் செய்வது எனக்குத் தெளிவாகப் படுகிறது. கெர்னல் வழி தேடும்போது 'ஐபி ரூல்' பட்டியலை முன்னுரிமை எண் வரிசையில் பார்க்கிறது. 0-இல் லோக்கல் அட்டவணை, 32766-இல் மெயின் அட்டவணை, 32767-இல் டிஃபால்ட் அட்டவணை. ஓர் அட்டவணையில் பொருந்தும் வழி கிடைக்காவிட்டால் தேடல் நின்றுவிடுவதில்லை, அடுத்த விதிக்கு இறங்கும். கசிவு நடப்பதும், அதைத் தடுக்க முடிவதும் இந்த இறக்கத்தில்தான்.

ஓபன்விபிஎன் தானே வழி சேர்க்காதபடி 'ரூட்-நோஎக்ஸெக்' கொடுத்துவிட்டு, மூன்று விதிகளை நீங்களே எழுதுங்கள். முன்னுரிமை 5100: விபிஎன் சர்வரின் முகவரிக்குச் செல்பவை மெயின் அட்டவணைக்கு. 5110: மற்றவையும் மெயின் அட்டவணைக்கே, ஆனால் 'சப்ரெஸ்_ப்ரிஃபிக்ஸ்லென்த் 0' என்ற நிபந்தனையுடன், அதாவது மெயினில் கிடைத்தது இயல்பு வழி என்றால் அதை ஏற்காமல் கீழே இறங்கு, உள்வலை வழிபோல் குறிப்பானது என்றால் ஏற்றுக்கொள். 5120: மீதி எல்லாம் அட்டவணை 120-க்கு. அட்டவணை 120-இல் இரண்டு வழிகள் இருக்கும்: டன்0 வழியாக இயல்பு வழி, சிறிய மெட்ரிக்குடன், 'அன்ரீச்சபிள்' வகையிலான இயல்பு வழி, பெரிய மெட்ரிக்குடன். டன்0 இருக்கும்வரை முதலாவது வெல்லும். டன்0 மறைந்தால் கெர்னல் முதலாவதை நீக்கிவிடும். இரண்டாவது எந்த இடைமுகத்தையும் சாராததால் நிற்கும், தேடல் அங்கேயே மறுப்போடு முடியும். அந்த இரண்டாவது வழி இல்லாவிட்டால் தேடல் 32766-க்கு இறங்கி, மெயினின் இயல்பு வழியைப் பிடித்து, எல்லாம் வெளியே போய்விடும்.

வயர்கார்டு என்ற மற்றொரு விபிஎன்னுக்கான வெக்-குவிக் என்ற பேஷ் ஸ்கிரிப்டும் இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே முகவரிக்குப் பதில் பாக்கெட் மீது 51820 என்ற குறியிட்டு, குறியில்லாதவற்றை அதே எண்ணுள்ள அட்டவணைக்கு அனுப்புவார்கள். ஓபன்விபிஎன்னிலும் குறியிடலாம். ஆனால் திரும்பிவரும் பாக்கெட்டில் அந்தக் குறி இராது. 'ஆர்பி_ஃபில்டர்' என்ற எதிர்வழிச் சோதனை கடுமையான நிலையில் இருந்தால், வைஃபையில் வந்த பாக்கெட்டுக்கு எதிர்வழி டன்0 என்று கண்டு கெர்னல் அதை எறிந்துவிடும். வெக்-குவிக் அதற்கென்று தனி ஃபயர்வால் விதிகளும் கெர்னல் அமைப்பும் செய்கிறது. முகவரி விதியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை என்பதால், கையால் எழுதும் ஸ்கிரிப்டுக்கு அதையே விரும்புகிறேன். சர்வர் முகவரிக்குச் செல்லும் பிற போக்குவரத்தும் சுரங்கத்துக்கு வெளியே போகும் என்பது அதற்கான விலை.

விதிகள் இடைமுகத்தோடு மறைவதில்லை. கசிவைத் தடுக்க அதுவே நமக்கு வேண்டியதும். எனினும் அவற்றை நீக்கும் கட்டளையை முன்னுரிமை எண்ணோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் குறிப்பிடாமல் சேர்த்தால் கெர்னல் தானே ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ளும். பிறகு எது யாருடையது என்று பிரித்தறிவது கடினம்.

முனையக்காரர் எழுதியது:

பொதிவழி சொன்னதோடு இரண்டைச் சேர்க்க விரும்புகிறேன்.

மேற்கண்ட விதிகள் ஐபிவி4-க்கு மட்டுமே பொருந்தும். ஐபிவி6-க்கு விதிகளும் அட்டவணைகளும் தனி. 'ஐபி -6 ரூல்' என்று மீண்டும் எழுத வேண்டும். உங்கள் விபிஎன் ஐபிவி6 தராவிட்டால், அட்டவணை 120-இல் 'அன்ரீச்சபிள்' வழியை மட்டும் வையுங்கள். இதை விட்டுவிட்டால், ஐபிவி6 முகவரியுள்ள தளங்கள் எல்லாம் சுரங்கத்தைத் தொடாமல் வைஃபையிலேயே திறக்கும்.

மற்றொன்று, மீண்டும் இணைவது. அமைப்புக் கோப்பில் விபிஎன் சர்வரைப் பெயரால் குறித்திருந்து, 'பெர்சிஸ்ட்-டன்' அமைப்பால் டன்0 அழியாமல் நின்றால், இணைப்பு அறுந்தபின் அந்தப் பெயரைத் தேடும் கேள்வியும் அறுந்த சுரங்கத்துக்குள்ளேயே போகும். விடை வராது, இணைப்பும் திரும்பாது. சர்வரை எண் முகவரியால் குறியுங்கள், அல்லது ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேருங்கள். முகவரியே மாறினால் 5100 விதியையும் மாற்ற வேண்டும் என்பதால், 'டிரஸ்டட்_ஐபி' மாறியைப் பார்த்து அந்த விதியை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவது நல்லது.

ஒரு சில நிரல்கள் மட்டும் சுரங்கத்தில் செல்ல வேண்டுமென்றால் தனி நெட்ஒர்க் நேம்ஸ்பேஸ் (தனக்கென இடைமுகங்களும் வழிகளும் கொண்ட வலைச் சூழல்) சிறந்தது. அதற்குரிய ரிசால்வ்.கான்ஃப் கோப்பை ஈடிசி அடைவில் நெட்என்எஸ் என்பதன் கீழ், அந்த நேம்ஸ்பேஸின் பெயரில் வைத்தால், 'ஐபி நெட்என்எஸ் எக்ஸெக்' அதை உரிய இடத்தில் பொருத்திவிடும். ஆனால் ரன் அடைவு பொதுவானதாகவே இருப்பதால், என்எஸ்ஸ்விட்ச் வரிசையில் 'ரிசால்வ்' இருந்தால், நேம்ஸ்பேஸுக்குள்ளிருந்து எழும் பெயர்க் கேள்வியும் வெளியே இயங்கும் ரிசால்வ்டுவின் சாக்கெட்டுக்குச் சென்றுவிடும். 'ஃபைல்ஸ் டிஎன்எஸ்' என்று மட்டும் உள்ள ஓர் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பையும் அதே இடத்தில் வையுங்கள், அதுவும் பொருத்தப்படும். பாக்கெட் அனைத்தும் சரியான சுரங்கத்தில் சென்றும் பெயர்கள் மட்டும் வெளியே தெரிந்துவிடுவது இந்த இடத்தில்தான்.

கருங்குயில் எழுதியது:

முதல் கணினியின் ஸ்கிரிப்டில் இப்போது நகலும் இல்லை, மீட்பும் இல்லை. சூழல் மாறிகளைச் சுற்றிப் படித்து, சரிபார்த்து, டிஎன்எஸ் முகவரிக்கு 'ஐபி ரூட் கெட்' கொடுத்து, விடையில் டன்0 வந்தால் மட்டும் ரிசால்வ்சிடிஎல் கட்டளைகளை இயக்குகிறது. வராவிட்டால் பதிவேட்டில் எழுதி நிற்கிறது. 'டவுன்' ஸ்கிரிப்டே தேவைப்படவில்லை.

இரண்டாவது கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் வைத்தேன். 10.20.0.53-இடம் 'டிக்' நேரடியாகக் கேட்டால் 10.20.3.4 என்று விடை வருகிறது. டிஎன்எஸ்மாஸ்க் வழியாகக் கேட்டால் விடை காலியாக வருகிறது. மற்ற பெயர்கள் எல்லாம் சரி.

வேர்நிலை எழுதியது:

டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் 'ஸ்டாப்-டிஎன்எஸ்-ரீபைண்ட்' என்ற வரி இருக்கும். வெளி சர்வர் ஒன்று 10.0.0.0/8, 192.168.0.0/16 போன்ற தனிப்பட்ட முகவரிகளை விடையாகத் தந்தால், அதைத் தாக்குதல் என்று கருதி எறிந்துவிடும் பாதுகாப்பு அது. அதை எடுத்துவிடாமல், 'ரீபைண்ட்-டொமைன்-ஓகே' என்ற வரியில் கார்ப்.இன்டர்னல் டொமைனுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். பதிவேட்டில் 'பாசிபிள் டிஎன்எஸ்-ரீபைண்ட் அட்டாக்' என்ற வரி வந்திருந்தால் காரணம் இதுவே.

கருங்குயில் எழுதியது:

பதிவேட்டில் அந்த வரி இருந்தது. விலக்குக் கொடுத்து டிஎன்எஸ்மாஸ்க்கை மீண்டும் தொடங்கியபின் 'கெட்என்ட்' கட்டளைக்கு 10.20.3.4 வருகிறது. வைஃபையை மாற்றி, விபிஎன்னை நிறுத்திப் பார்த்தேன். இணையப் பெயர்கள் தடையின்றிக் கிடைக்கின்றன. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.